ஸ்டாப் லாஸ் போட்டும் 27,000 ரூபாய் போனது ஏன்?

கேள்வி: ஈரோட்டில் ஜவுளிக் கடை வைத்திருக்கிறேன். மூன்று லட்சம் ரூபாயைத் தனியாக ஒதுக்கி இரண்டு வருடமாகக் குறுகிய கால டிரேடிங் செய்கிறேன். ஸ்டாப் லாஸ் (விலை இறங்கினால் நஷ்டத்தை நிறுத்த விற்றுவிடும் ஆர்டர்) இல்லாமல் ஒரு ஆர்டர்கூடப் போட்டதில்லை. போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை 412 ரூபாய்க்கு 500 பங்கு வாங்கி, ட்ரிகர் (ஆர்டரைக் கிளப்பும் விலை) 400, லிமிட் (அதற்குக் குறையாமல் விற்கும் விலை) 399 என்று ஜிடிடி (நாள் கணக்கில் காத்திருக்கும் ஆர்டர்) போட்டு வைத்தேன். அன்று இரவு கம்பெனியின் காலாண்டு முடிவு வந்தது. திங்கட்கிழமை பங்கு 376-ல் திறந்தது. என் ஆர்டர் ‘ஓபன்’ என்றே காட்டிக்கொண்டிருந்தது, விற்கவே இல்லை. பதினோரு மணிக்கு 358-ல் நானே விற்றேன். 6,000 போகும் என்று நினைத்த இடத்தில் 27,000 போய்விட்டது. இன்ட்ராடேயில் (வாங்கி அன்றே விற்பதில்) இதற்கு நேரெதிர். எஸ்.எல். (ஸ்டாப் லாஸ்) கச்சிதமாக அடிக்கிறது, அடித்த கையோடு விலை திரும்பி மேலே போகிறது. “புரோக்கர் உன் எஸ்.எல்.லைப் பார்த்துத்தான் அடிக்கிறான். சிஸ்டத்தில் போடாதே, மனதுக்குள் வைத்துக்கொள்” என்கிறார் நண்பர். போடுவதா, விடுவதா? புரோக்கர் மீது புகார் கொடுத்துப் பணத்தைத் திரும்ப வாங்க வழி உண்டா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், ஈரோடு

பதில்:

புகார் விஷயத்தைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் அந்தத் திங்கட்கிழமை என்ன நடந்தது என்று பார்த்துவிடுவோம்.

நீங்கள் போட்ட ஜிடிடி எக்ஸ்சேஞ்சுக்கே போகவில்லை. அது புரோக்கரின் கம்ப்யூட்டரில் காத்திருந்தது. எக்ஸ்சேஞ்சில் நேரடியாகப் போடும் ஸ்டாப் லாஸ் ஆர்டருக்கு அன்றைக்கு மாலை மூன்றரை மணியோடு ஆயுள் முடிந்துவிடும். நாள் கணக்கில் காத்திருக்க ஒரு வசதி வேண்டும் என்றுதான் புரோக்கர்கள் ஜிடிடியைக் கொண்டுவந்தார்கள். பங்கு 400-ஐத் தொட்டாலோ அதற்குக் கீழே போனாலோ, நீங்கள் எழுதி வைத்த லிமிட் ஆர்டரை அது எக்ஸ்சேஞ்சுக்கு அனுப்பி வைக்கும். திங்கட்கிழமையும் அனுப்பியது. “399-க்குக் குறையாமல் 500 பங்கு விற்கிறேன்” என்ற அந்த ஆர்டர் போய் நின்றபோது 376 கொடுத்து வாங்கத்தான் ஆள் இருந்தது. 399 கொடுக்க யாரும் வரவில்லை, அதனால் ஆர்டர் அப்படியே நின்றுவிட்டது. சிஸ்டத்தில் கோளாறு ஏதும் இல்லை, நீங்கள் சொன்னதை எழுத்துப் பிசகாமல் செய்திருக்கிறது.

காலை 9 மணியிலிருந்து 9.15 வரை ப்ரீ-ஓபன் நேரம். அன்றைய திறப்பு விலை அங்கேதான் முடிவாகிறது, அந்த நேரத்தில் எக்ஸ்சேஞ்ச் ஸ்டாப் லாஸ் ஆர்டர்களை ஏற்பதில்லை. வெள்ளிக்கிழமை முடிந்த விலைக்கும் 376-க்கும் நடுவே ஒரு பங்குகூடக் கைமாறவில்லை. நடக்காத விலையில் உங்கள் பங்கை யாராலும் விற்றுத் தர முடியாது.

27,000 ரூபாயைப் பிரித்துப் பாருங்கள். 6,000 நீங்களே ஒப்புக்கொண்டது. திறந்த உடனே 376-ல் விற்றிருந்தால் மொத்த நஷ்டம் 18,000. ஆக, 12,000 ரூபாய் அந்த இரவு இடைவெளியின் விலை. எந்த ஆர்டர் போட்டிருந்தாலும் அது போயிருக்கும். மீதி 9,000 மட்டுமே ட்ரிகருக்கும் லிமிட்டுக்கும் ஒரே ஒரு ரூபாய் இடம் விட்டதாலும், ‘ஓபன்’ என்று காட்டிய திரையைப் பதினோரு மணி வரை பார்த்துக்கொண்டிருந்ததாலும் வந்தது.

அப்படியானால் லிமிட்டே வேண்டாம், கிடைத்த விலைக்கு விற்றுவிடும் மார்க்கெட் ஆர்டராகவே வைத்துவிடலாமே என்று தோன்றும். 2025-ல் ஒரு மாத இடைவெளியில் வந்த இரண்டு நாட்களை எடுத்துக்கொள்ளுங்கள். மார்ச் 10 மாலை இண்டஸ்இண்ட் வங்கி தன் டெரிவேட்டிவ் கணக்குகளில் முரண்பாடு இருப்பதாக அறிவித்தது. 900 ரூபாய் அளவில் முடிந்திருந்த பங்கு, மறுநாள் காலை சுமார் 10 சதவீதம் கீழே திறந்து, அங்கிருந்தும் சரிந்து, 27 சதவீத இறக்கத்தில் 656 ரூபாய் அருகே முடிந்தது. 870 ட்ரிகர், 865 லிமிட் என்று வைத்தவருக்கு உங்கள் கதைதான். என்ன விலை வந்தாலும் விற்றுவிடு என்றவர் 810 சொச்சத்தில் தப்பித்திருப்பார். அன்றைக்கு மார்க்கெட் ஆர்டர் காப்பாற்றியது. அடுத்தது ஏப்ரல் 7, அமெரிக்க இறக்குமதி வரி பயத்தில் உலகச் சந்தைகள் எல்லாம் நடுங்கிய திங்கட்கிழமை. 22,904-ல் முடிந்திருந்த நிஃப்டி 21,758-ல் திறந்தது. அன்றைய அடிமட்டம் அதற்குப் பதினைந்து புள்ளிகூடக் கீழே இல்லை. மாலையில் 22,161-ல் முடிந்தது. திறந்ததும் ஸ்டாப் லாஸ் அடித்து வெளியேறியவர்கள் ஏறக்குறைய அன்றைய மிக மோசமான விலையில் விற்றார்கள். எந்த நாள் மார்ச் 11, எந்த நாள் ஏப்ரல் 7 என்று காலை 9.15-க்கு எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. லிமிட்டில் விற்காமலே போகும் ஆபத்து. மார்க்கெட்டில் எந்த விலைக்கும் விற்றுவிடும் ஆபத்து. ஏதோ ஒன்றைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும்.

இரண்டாவது ஆபத்தை எக்ஸ்சேஞ்சுகளே எப்படிப் பார்க்கின்றன என்பதைக் கவனித்தால் பல விஷயம் புரியும். 2021 ஆகஸ்ட் 20 மதியம் நிஃப்டி 16,450 கால் ஆப்ஷன் (நிஃப்டியை 16,450 கணக்கில் வாங்கும் உரிமை தரும் ஒப்பந்தம்), நூறு ரூபாய்ச் சொச்சத்தில் வியாபாரம் ஆகிக்கொண்டிருந்தது, கண நேரத்தில் 800 ரூபாயைத் தாண்டித் திரும்பி வந்தது. நிஃப்டி அசையவே இல்லை. அந்த கால் ஆப்ஷனை விற்றுவிட்டு, விலை ஏறினால் நஷ்டம் என்பதால் மேலே மார்க்கெட் ஸ்டாப் லாஸ் வைத்திருந்தவர்களை நினைத்துப் பாருங்கள். ஆர்டர் புக்கில் ஆள் குறைந்த நேரத்தில் ஒரு மார்க்கெட் ஆர்டர் கிடைத்த விலையை எல்லாம் தின்றுகொண்டு போகும். அந்த விலை அடுத்தவரின் ட்ரிகரை அடிக்கும், அது இன்னொருவருடையதை அடிக்கும். அடுத்த மாதமே, செப்டம்பர் 27 முதல், என்.எஸ்.இ. ஆப்ஷன்களில் ‘எஸ்.எல்-எம்’ எனப்படும் மார்க்கெட் ஸ்டாப் லாஸை நிறுத்திவிட்டது. 2023 அக்டோபரில் பி.எஸ்.இ. ஆப்ஷனோடு நிற்காமல் பங்குகள் உட்பட எல்லாப் பிரிவிலும் நிறுத்தியது. அமெரிக்காவிலும் இதே போக்குதான். 2015 ஆகஸ்ட் 24 காலை பங்குகளும் இ.டி.எஃப்.களும் (பங்கு போலவே வர்த்தகமாகும் ஃபண்டுகள்) திறந்த சில நிமிடங்களில் தலைகுப்புற விழுந்து எழுந்தன. நியூயார்க் பங்குச் சந்தை 2016 பிப்ரவரி முதல் ஸ்டாப் ஆர்டர்களை ஏற்பதையே விட்டுவிட்டது. வேண்டுமென்றால் புரோக்கர்கள் தங்கள் பொறுப்பில் வைத்துக்கொள்ளலாம்.

நம்மூரில் பழைய ஆட்கள் இன்னும் பேசுவது 2012 அக்டோபர் 5. ஒரு தரகு நிறுவனத்திலிருந்து 59 தவறான ஆர்டர்கள் போனதில் நிஃப்டி கண் இமைக்கும் நேரத்தில் 900 புள்ளி அளவுக்கு விழுந்து வர்த்தகம் நின்றது. மாலையில் குறியீடு ஒரு சதவீதத்துக்கும் குறைவான இறக்கத்தில் முடிந்தது. அன்று நாள் முழுக்கப் பங்கை வைத்துக்கொண்டு தூங்கியவருக்கு ஒன்றும் ஆகவில்லை. சாதாரண சரிவுக்கென்று மார்க்கெட் ஸ்டாப் லாஸ் போட்டு வைத்தவருக்குத்தான் அந்தச் சில நிமிடங்கள் விஷமாகின.

இன்னொரு வகை உண்டு, அங்கே எந்த ஆர்டரும் பலிக்காது. 5 சதவீத வரம்புக்குள் அடைத்து வைக்கப்பட்ட சின்னக் கம்பெனிப் பங்கு லோயர் சர்க்யூட்டில் (அன்றைய இறக்க வரம்பில்) பூட்டிக்கொண்டால் வாங்குபவர் வரிசையில் பூஜ்யம்தான் இருக்கும். ஸ்டாப் லாஸ் அடிக்கும், விற்காது. மறுநாளும் அதே கதையாகலாம். ‘டெலிகிராம் டிப்ஸ்’ பங்குகளில் ஸ்டாப் லாஸ் விலையையும் சேர்த்துக் கொடுக்கிறார்களே, அந்த நகைச்சுவையை நீங்கள் கவனித்திருப்பீர்கள். இன்ட்ராடேயில் ஷார்ட் போனவருக்கு (கையில் இல்லாத பங்கை முதலில் விற்றவருக்கு) அப்பர் சர்க்யூட் இதே சிறை. திரும்ப வாங்க முடியாமல் ஏலம், அபராதம் என்று அது வேறு பக்கம் போகும்.

இப்போது, புரோக்கர் எஸ்.எல்.லைப் பார்த்து அடிக்கிறான் என்ற உங்கள் நண்பரின் ‘வேட்டை’ சமாச்சாரம்.

ட்ரிகர் ஆகாத ஸ்டாப் லாஸ் ஆர்டர்களை எக்ஸ்சேஞ்ச் தனி புக்கில் வைத்திருக்கிறது. மார்க்கெட் டெப்த்தில் (திரையில் தெரியும் வாங்குவோர், விற்போர் வரிசையில்) அவை தெரியாது. உங்கள் புரோக்கர் தன் வாடிக்கையாளர்களுடைய ஆர்டர்களைப் பார்க்க முடியும், உண்மைதான். ஆனால் ஒரு நாளைக்கு லட்சக்கணக்கில் கைமாறும் பங்கை, உங்கள் சில நூறு பங்குக்காக இரண்டு ரூபாய் இறக்குவதற்கு ஆகும் செலவை யோசித்துப் பாருங்கள். ஆள் நடமாட்டமில்லாத பங்குகளில் ஆபரேட்டர் (விலையை ஆட்டிவைப்பவர்) விளையாட்டு இருக்கிறது, நான் மறுக்கவில்லை. நிஃப்டி 50 பங்கில் உங்கள் எஸ்.எல். அடிபடுவதற்கு அவ்வளவு பெரிய வில்லன் தேவையில்லை. நீங்களும் இன்னும் ஆயிரம் பேரும் ஒரே இடத்தில் வைப்பதே போதும்: 400, 500 என்று முழு எண்ணுக்குச் சற்றுக் கீழே, இல்லையென்றால் நேற்றைய அடிமட்டத்துக்குச் சற்றுக் கீழே. நியூயார்க் ஃபெடரல் ரிசர்வ் வங்கியில் இருந்த கேரல் ஆஸ்லர், அந்நியச் செலாவணிச் சந்தையில் நிஜமான ஸ்டாப் லாஸ் ஆர்டர்களை எடுத்து ஆராய்ந்து, அவை முழு எண்களைத் தாண்டிய இடத்தில் கும்பலாகக் கிடப்பதையும், விலை அங்கே வந்ததும் வேகமெடுப்பதையும் காட்டினார். பங்குச் சந்தையில் உட்கார்ந்து பார்க்கும் எவருக்கும் இது அந்நியமான காட்சி இல்லை. கும்பலின் விற்பனை விலையை இன்னும் கொஞ்சம் இறக்குகிறது. அந்த விற்பனை தீர்ந்ததும் விற்க ஆளில்லாமல் விலை திரும்புகிறது. நீங்கள் திரையில் பார்ப்பது இதைத்தான்.

ஆனால் உங்கள் இன்ட்ராடே தொல்லைக்கு இதைவிட எளிய காரணம் ஒன்று இருக்கும் என்பது என் சந்தேகம்: ஸ்டாப் லாஸ் ரொம்பப் பக்கத்தில் இருக்கிறது. 400 ரூபாய்ப் பங்கு சாதாரண நாளிலேயே மேலும் கீழுமாக 8 ரூபாய் ஆடுகிறது என்றால் 2 ரூபாய் ஸ்டாப் லாஸ் அடிபடுவதற்கு செய்தி எதுவும் வர வேண்டாம். அதற்கு மேல் செலவு வேறு. ஒரு லட்சம் ரூபாய்க்கு, அதாவது 250 பங்கு வாங்கி அன்றே விற்றால், சலுகைக் கட்டண புரோக்கரிடம்கூட இரண்டு பக்கத் தரகு 40 ரூபாய், எஸ்.டி.டி. (பங்குப் பரிவர்த்தனை வரி) 25 ரூபாய், முத்திரைக் கட்டணம், எக்ஸ்சேஞ்ச் கட்டணம், ஜி.எஸ்.டி. என்று மொத்தம் 80 ரூபாய்க்குச் சற்று மேலே போகும். 2 ரூபாய் ஸ்டாப் லாஸ் என்றால் நஷ்டம் 500 இல்லை, 580. 4 ரூபாய் இலக்கு என்றால் லாபம் 1,000 இல்லை, 920. “ஒன்றுக்கு இரண்டு, மூன்றில் ஒரு டிரேடு ஜெயித்தாலே போதும்” என்று வீடியோக்களில் சொல்கிறார்கள். இந்தக் கணக்கில் ஏறக்குறைய 39 சதவீதம் ஜெயித்தால்தான் முதலுக்கு மோசமில்லை. ஸ்டாப் லாஸ் அடிக்கும்போது 40 பைசா வழுக்கி விற்றால் அது 42 சதவீதத்தைத் தாண்டும். ஸ்டாப் லாஸை நெருக்க நெருக்க நஷ்டம் சின்னதாகத் தெரியும், அதில் செலவின் பங்கு பெரிதாகிக்கொண்டே போகும், அடிபடும் தடவையும் கூடும்.

பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி 2024 ஜூலையில் வெளியிட்ட ஆய்வில், 2022-23-ல் பங்குகளில் இன்ட்ராடே செய்த தனிநபர்களில் பத்தில் ஏழு பேருக்கு நஷ்டம். வருடத்துக்கு 500-க்கு மேல் டிரேடு செய்தவர்களில் 80 சதவீதம் பேருக்கு நஷ்டம். இவர்களில் எத்தனை பேர் ஸ்டாப் லாஸ் போட்டார்கள் என்று அந்த எண் சொல்லாது. ஆனால் நெருக்கமான ஸ்டாப் லாஸ் ஒருவரை 500 டிரேடு பக்கம் தள்ளிக்கொண்டு போகும் என்பது என் அனுபவம். அடிபட்டதும் கை சும்மா இருப்பதில்லை, திரும்ப வாங்குகிறது.

‘மனதுக்குள் எஸ்.எல்.’ வழியை நீங்கள் ஏற்கெனவே சோதித்துப் பார்த்துவிட்டீர்கள். அந்தத் திங்கட்கிழமை 9.15-லிருந்து 11 வரை சிஸ்டத்தில் பலிக்கக்கூடிய ஸ்டாப் லாஸ் எதுவும் இல்லை, எல்லாம் உங்கள் மனதில்தான் இருந்தது. 376 என்பது 358 ஆனது. நாள் முழுக்கத் திரை முன்னால் உட்காரும் தொழில்முறை ஆளுக்கு அது ஒருவேளை ஒத்துவரும். ஆடித் தள்ளுபடிக் கூட்டத்தில் வேட்டி எடுத்துக் காட்டிக்கொண்டிருக்கும் உங்களுக்கு ஒத்துவராது. ஆகவே போடுங்கள். போடும் விதத்தை மட்டும் மாற்றுங்கள்.

இன்ட்ராடேயில், அதிகம் புழங்கும் பெரிய பங்குகளில் மட்டும் இருங்கள். ட்ரிகருக்கும் லிமிட்டுக்கும் நடுவே ஒரு ரூபாய் போதாது. 400 ரூபாய்ப் பங்குக்கு நான்கிலிருந்து எட்டு ரூபாய் விடுங்கள். லிமிட்டைத் தாழ்த்தி வைத்தால் குறைந்த விலைக்குத்தான் விற்கும் என்ற பயம் பலருக்கு இருக்கிறது. அப்படியில்லை, அந்த நேரத்தில் இருக்கும் நல்ல விலைதான் முதலில் கிடைக்கும். ட்ரிகர் எங்கே என்பதை அந்தப் பங்கு தினசரி ஆடும் ஆட்டத்தை வைத்து முடிவு செய்யுங்கள். சார்ட்டில் ‘ஏ.டி.ஆர்.’ என்று இருப்பது அந்தச் சராசரிதான். முழு எண்ணை ஒட்டி வைக்காதீர்கள். ட்ரிகர் தூரமானால் பங்கின் எண்ணிக்கை குறைய வேண்டும். இதுதான் நீங்கள் செய்யாமல் விட்டது என்று உங்கள் கடிதத்திலிருந்து தெரிகிறது.

மூன்று லட்சத்தில் 2,06,000 ரூபாயை ஒரே பங்கில், அதுவும் முடிவு வெளியாகும் இரவில் வைத்திருந்தீர்கள். கடை முதலீட்டில் மூன்றில் இரண்டு பாகத்தை ஒரே டிசைன் சேலையில் போடுவீர்களா? இங்கே போட்ட தைரியம் எங்கிருந்து வந்தது என்றால், 400-ல் ஸ்டாப் லாஸ் இருக்கிறதே என்ற நம்பிக்கையிலிருந்து. இன்ட்ராடேயில் ஐந்து மடங்கு வரை வாங்க விடுகிறார்கள், அங்கும் இதே நம்பிக்கைதான் 15 லட்சம் வரை கை வைக்கச் சொல்லும். நான் ஆலோசனை கேட்டு வருபவர்களிடம் சொல்லும் கணக்கு வேறு. இரவு கடந்து வைக்கிற பங்குக்கு ஸ்டாப் லாஸ் வேலை செய்யாது என்று வைத்துக்கொண்டு எண்ணிக்கையை முடிவு செய்யுங்கள். நாளைக் காலை 10 சதவீதம் கீழே திறந்தால் எவ்வளவு போனால் தாங்கும்? மூன்று லட்சத்தில் 3 சதவீதம், 9,000 என்று வைத்தால், அந்தப் பங்கில் 90,000 ரூபாய்க்கு மேல் போடக் கூடாது. 412 ரூபாயில் அது 218 பங்கு. உங்கள் திங்கட்கிழமையே வந்திருந்தாலும் 376-ல் விற்றால் 7,800 சொச்சம், பதினோரு மணி வரை தயங்கி 358-ல் விற்றால்கூட 12,000-க்குள் முடிந்திருக்கும். பத்து சதவீதத்தோடு எப்போதும் நிற்கும் என்றும் இல்லை. 2020 மார்ச் 5 மாலை ரிசர்வ் வங்கி யெஸ் பேங்க்குக்குக் கட்டுப்பாடு விதித்த மறுநாள், 37 ரூபாய் அருகே இருந்த அந்தப் பங்கு ஒற்றை இலக்கம் வரை விழுந்து 16 ரூபாயில் முடிந்தது. அதற்கும் சேர்த்து யாரும் கணக்குப் போட முடியாது. ஒரே பங்கில் எல்லாவற்றையும் வைக்காமல் இருக்க மட்டும்தான் முடியும்.

காலாண்டு முடிவுக்கான போர்டு மீட்டிங் தேதியைக் கம்பெனிகள் முன்கூட்டியே எக்ஸ்சேஞ்சுக்குத் தெரிவித்துவிடுகின்றன. என்.எஸ்.இ., பி.எஸ்.இ. இணையதளங்களில் அது இருக்கும். குறுகிய காலத்துக்கு வாங்கிய பங்கை அந்தத் தேதிக்கு முந்தைய வர்த்தக நேரத்திலேயே விற்றுவிடுங்கள், அல்லது பாதியாகக் குறையுங்கள். வாங்குவதற்கு முன் அரை நிமிடம் பார்த்தால் போதும். உங்கள் 12,000 ரூபாய் அந்த அரை நிமிடத்தில்தான் இருந்தது.

புகார்: ட்ரிகர் விலை வந்தும் புரோக்கர் லிமிட் ஆர்டரை அனுப்பவில்லை என்றாலோ, ஆப் முடங்கி உங்களால் விற்க முடியாமல் போனதற்கு ஆதாரம் இருந்தாலோ புகாருக்கு இடமுண்டு. முதலில் புரோக்கருக்கே மின்னஞ்சலில் எழுதி, அன்றைய ஆர்டர் பதிவை நேரத்தோடு கேளுங்கள். பதில் சரியில்லை என்றால் செபியின் ‘ஸ்கோர்ஸ்’ தளத்தில் பதியலாம், 21 நாட்களுக்குள் நடவடிக்கை அறிக்கை வர வேண்டும். உங்கள் விஷயத்தில் ஆர்டர் போய் ‘ஓபன்’ என்று நின்றிருக்கிறது. 9.15-ஐ ஒட்டி அது போயிருந்தால் புகாரில் ஒன்றும் தேறாது. பத்து மணிக்கு மேல்தான் போயிருக்கிறது என்று பதிவில் தெரிந்தால் மட்டும் எனக்கு எழுதுங்கள்.